டிரைவர் நசுங்கினாரா, கன்டெய்னர் நசுங்கியதா?

மணலி நைட் ஷிஃப்ட்:
மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் வேலை. வீடு தண்டையார்பேட்டை, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். உள்ளே வரும் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, அடி பட்டிருந்தால் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதி மெயில் போட வேண்டும். போன வாரம் இப்படி எழுதினேன்:

"பீயிங் பேட்லி டென்டட் ஆன் தி லெஃப்ட் சைடு, தி டிரைவர் பிராட் தி கன்டெய்னர் டு கேட் டூ."

மேலிடத்திலிருந்து பதில்: "டிரைவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சா?" இருபது பேர் இருக்கும் குரூப் மெயில் வேறு. நெட்டில் தேடினால் டேங்ளிங் மாடிஃபையர் (சேர வேண்டிய சொல்லோடு சேராமல் தொங்கும் தொடர்) என்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லையே! "வீ ஒன்லி செக்டு டூ சீல்ஸ்" என்றதற்கும் திருத்தம் வந்தது. யாராவது தமிழில் சொல்லுங்களேன்.

ராயபுரம் பழைய வாத்தியார்:
தம்பி, சொற்கள் எல்லாம் சரி, அதனால்தான் சிவப்புக் கோடு விழவில்லை. உட்கார்ந்த இடம்தான் கோளாறு. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாத தொடரை முன்னால் வைத்தால், கமா தாண்டி வரும் எழுவாய் எதுவோ அதன் தலையில் போய் விழும். அங்கே டிரைவர் நின்றார். பாவம், நசுங்கிவிட்டார்.

கன்டெய்னரை எழுவாயாக்கலாம்: "பேட்லி டென்டட் ஆன் தி லெஃப்ட் சைடு, தி கன்டெய்னர் கேம் டு கேட் டூ." இல்லையென்றால் உடைத்து எழுதுங்கள்: "தி கன்டெய்னர் வாஸ் பேட்லி டென்டட் ஆன் தி லெஃப்ட் சைடு வென் தி டிரைவர் பிராட் இட் டு கேட் டூ." ரிப்போர்ட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வரும்போதே நசுங்கியிருந்தது என்று நாளைக்கு இன்சூரன்ஸ்காரருக்கும் புரியும்.

இதில் நம்மை விழவைப்பது தமிழ்க் காது. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். 'செய்து' என்னும் வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி உண்டு. ஆனாலும் இந்த மாதிரி இடம் நமக்கு உறுத்துவதில்லை. அதே பழக்கத்தில் "ஹேவிங் ரெயின்டு, தி டேங்க் ஃபில்டு" என்று எழுதினால், ஆங்கிலத்தில் குளமே மழையாகப் பெய்துவிடும்!

வகுப்பில் எங்கள் ஊர் ஸ்டேஷனை வைத்துத்தான் சொல்வேன். "ஓபன்டு இன் 1856, ஐ பாஸ் ராயபுரம் ஸ்டேஷன் எவ்ரி மார்னிங்." எழுதிய பையனிடம், "சிப்பாய்க் கலகத்துக்கு முந்தின வருஷம் திறந்துவைத்த ஆளா நீ?" என்று கேட்பேன்.

'ஒன்லி' விஷயம் சின்னது. நம் 'மட்டும்', தான் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும்: இரண்டு சீல்களை மட்டும். ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கும்: "செக்டு ஒன்லி டூ சீல்ஸ்." நீங்கள் எழுதியபடி வெள்ளைக்காரர்களும் பேசுவார்கள்தான். ஆனால் ரிப்போர்ட்டில் வந்தால், பார்த்ததோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை என்றும் ஒருவர் படிக்கலாம்.

வியாசர்பாடி பேங்க் எக்ஸாம்:
எரர் ஸ்பாட்டிங்கில் இது அடிக்கடி வரும் ப்ரோ. வாக்கியம் 'இங்' போட்டு ஆரம்பித்தால் கமாவில் பேனாவை வைத்து "யாரு?" என்று கேட்பேன். ஆனால் சார், "கன்சிடரிங் தி டிராஃபிக், தி லாரி கேம் எர்லி" சரி என்கிறார்களே. லாரி எங்கே கன்சிடர் பண்ணியது?

ராயபுரம் பழைய வாத்தியார்:
நல்ல இடத்தில் பிடித்தாய்ப்பா. கன்சிடரிங், ரிகார்டிங் எல்லாம் புழங்கிப் புழங்கி வினை என்ற நினைப்பே போய்விட்ட சொற்கள். நம் 'பற்றி' இல்லையா? 'பிடித்து' என்ற வினைதான் அது. "உன்னைப் பற்றிப் பேசினான்" என்றால் யாரும் கையைப் பிடித்ததாக நினைப்பதில்லை. அவற்றை விட்டுவிடு.

மணலி நைட் ஷிஃப்ட்:
நன்றி சார். நேற்றைய ரிப்போர்ட் இது: "ஐ ஃபவுண்ட் எ கிராக் இன் தி டோர் வித் மை டார்ச்." சரியா?

ராயபுரம் பழைய வாத்தியார்:
டார்ச் கதவிலா மாட்டியிருந்தது?

மணலி நைட் ஷிஃப்ட்:
ஐயோ. "யூசிங் மை டார்ச், ஐ ஃபவுண்ட் எ கிராக் இன் தி டோர்." கமாவுக்கு அப்புறம் நான்தான் நிற்கிறேன் சார், டார்ச்சும் என் கையில்தான்.