கோதுமை ரொட்டியும் சர்க்கரையும்: வீட்டில் சுடுபவர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து

வீட்டு ஓவனில் ரொட்டி சுட்டு உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கொடுத்து வருகிறேன். வாங்கிச் செல்பவர்களில் பெரும்பாலோர், "கோதுமை மாவுதானே? சர்க்கரை இருக்கிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் அல்லவா?" என்றே கேட்கிறார்கள். 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோக்காகக் கேட்பதில்லை என்பதை உணர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாபநாசத்தில் இருக்கும் என் கணவரின் பெரியப்பா, மைதா ரொட்டி என்றால் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வார். நான் கோதுமை ரொட்டி கொண்டுபோனால், காபியில் தோய்த்து ஐந்து துண்டு வரை சாப்பிடுவார். ஒருநாள், "பெரியப்பா, கோதுமை என்பதற்காக இவ்வளவு வேண்டாமே" என்று சொன்னேன். "ஏம்மா, முழுக்கோதுமை சாப்பிட்டால் சர்க்கரை வியாதியே அண்டாது என்று பேப்பரில் போட்டிருக்கிறதே" என்று, கத்தரித்து வைத்திருந்த செய்தியை எடுத்துக் காட்டினார்.

அந்தச் செய்தி முழுப் பொய்யன்று, சற்று மிகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கோரிக்கையின்படி தொகுக்கப்பட்டு 2019-இல் 'தி லான்செட்' இதழில் வந்த ஆய்வு, மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 185 ஆய்வுகளையும் 58 சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்தும் முழுத்தானியமும் அதிகம் உண்பவர்களுக்கு இதய நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாக வருவதாகவும், நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து நல்ல அளவு என்றும் அது கூறியது. ஆனால் இது ஆண்டுக்கணக்கில் தெரியவரும் பலன். ஏற்கெனவே சர்க்கரை உள்ள ஒருவருக்கு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறொரு அளவுகோல் உண்டு. 1981-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அறிமுகப்படுத்திய கிளைசீமிக் குறியீடுதான் அது: ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, குளுக்கோஸை 100 என்று வைத்துக் காட்டும் எண். 2008-இல் வெளியான சர்வதேச அட்டவணையின் சராசரிப்படி வெள்ளை ரொட்டிக்கு 75, முழுக்கோதுமை ரொட்டிக்கு 74, வெள்ளரிசிச் சோற்றுக்கு 73. சப்பாத்திக்கோ 52தான்.

ஒரே கோதுமை சப்பாத்தியில் ஒருவிதமாகவும் ரொட்டியில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது, மாவு பிசைபவர்களுக்குப் புரியாத செய்தியன்று. ரொட்டி மாவு ஈஸ்ட்டினால் உப்பி, உள்ளெல்லாம் கண்ணறைகளாகி, நிறைய நீரோடு வெந்து மென்மையாகிறது. நைசாக அரைபட்டு இவ்வாறு வெந்த மாவுச்சத்தைச் செரிமான நீர் விரைவில் பிரித்துவிடுகிறது. தவிட்டுத் தூள் உடன் கலந்திருப்பதால் மட்டும் அந்த வேகம் பெரிதாகக் குறைவதில்லை. தானியம் உடைந்தும் உடையாமலும் நின்றால் வேகம் குறைகிறது. அதனால் இப்போது மாவில் கால் பங்கைக் குறைத்து, இரவே ஊறவைத்த சம்பா கோதுமை ரவையைச் சேர்க்கிறேன். ரொட்டி சற்றுக் கனமாக வரும். துண்டு சீக்கிரம் உதிரும். மறுநாள் கத்தியில் துகள் அதிகம் ஒட்டும். சாப்பிட இரண்டு துண்டே போதும் என்ற நிறைவு மட்டும் உறுதி.

பெரியப்பாவிடம் ஆய்வுகளின் பெயர்களைச் சொல்லிப் பயனில்லை என்பதால், எடைமெஷினில் அளந்த கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு ரொட்டிக்கு 400 கிராம் மாவு, 16 துண்டுகள். ஆகவே துண்டுக்கு 25 கிராம் மாவு, அதில் சுமார் 17 கிராம் மாவுச்சத்து. ஐந்து துண்டென்றால் 85 கிராம். கிளைசீமிக் சோதனையில் ஒருவருக்குக் கொடுக்கப்படுவதே 50 கிராம் மாவுச்சத்துதான். அவர் இரண்டு துண்டு தின்ற நாளிலும் ஐந்து துண்டு தின்ற நாளிலும் தம் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு, "நீ சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னார். கடையில் வாங்குபவருக்குக் கிடைக்காத வசதி இது: வீட்டில் சுடுபவருக்கு ஒவ்வொரு கிராமும் தெரியும், ஆகவே ஆய்வில் வரும் எண்ணைத் தட்டில் இருக்கும் துண்டோடு பொருத்திப் பார்க்க முடியும்.

நாட்டுச்சர்க்கரை கேக் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே முறையில்தான் விடை சொல்கிறேன். கணபதி அக்ரகாரம் பக்கத்து அச்சு வெல்லத்தின் மணத்துக்காக அதை விரும்பிச் சேர்க்கிறேன். ஆனால் 200 கிராம் வெல்லம் போட்ட கேக்கைப் 12 துண்டாக்கினால் துண்டுக்கு 16 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையேதான். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குச் சேர்த்த சர்க்கரையின் மேல்வரம்பாகச் சொல்வது மொத்தக் கலோரியில் 10 விழுக்காடு, அதாவது 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராம். ஒரு துண்டிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மன்னார்குடியிலிருந்து

சகோதரியின் பதிவைப் படித்தபோது என் அனுபவமொன்றையும் எழுதத் தோன்றியது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மருமகள் பிரௌனி நன்றாகச் செய்வாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் அதைப் பரிமாறியபோது, கல்லூரி மாணவர் ஒருவர், "டார்க் சாக்லேட் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் மாமா, ஆய்வே இருக்கிறது" என்று கைபேசியில் காட்டினார். அந்த ஆய்வின் கதை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 2015-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், மோசமான ஆய்வுகள் எவ்வளவு எளிதாகச் செய்தியாகின்றன என்பதைக் காட்டவே அதை வேண்டுமென்று நடத்தினார். ஆட்கள் உண்மையானவர்கள், அளவீடுகளும் உண்மையானவை. ஆனால் கலந்துகொண்டவர்கள் வெறும் 15 பேர், காலம் மூன்று வாரம், அளந்த விஷயங்களோ 18.

அந்த மாணவரைப் பந்தி முடிந்ததும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வோர் அளவீட்டிலும் தற்செயலாகவே 'பலன் இருக்கிறது' என்று வர நூற்றில் ஐந்து வாய்ப்பு இருக்கட்டும். 18 அளவீடுகளிலும் அப்படி எதுவும் வராமலிருக்க 0.95-ஐப் பதினெட்டு முறை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.40 வரும். ஏதாவது ஒன்றிலாவது பொய்யான பலன் தோன்ற நூற்றில் 60 வாய்ப்பு. எடை, கொழுப்பு, தூக்கம் என்று எதையாவது பிடித்துத் தலைப்புப் போட்டுவிடலாம். கைபேசியில் அவரே ஒருமுறை பெருக்கிப் பார்த்துக்கொண்டார். ஆகவே எந்த உணவுச் செய்தி வந்தாலும், எத்தனை பேர், எத்தனை நாள், எதை அளப்பதாக முன்கூட்டியே அறிவித்தார்கள் என்று கேளுங்கள். நூறு பேருக்குக் குறைவான ஆய்வென்றால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

தஞ்சாவூரிலிருந்து

ஐயாவின் கணக்கு மிகவும் பயனுள்ளது. கடைசி வரியில் மட்டும் எனக்குச் சிறிய மாற்றுக்கருத்து உண்டு. உணவு ஆலோசகராகப் பணிபுரிந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் தெரு மளிகைக்கடையில், நெய் பிஸ்கட்டுக்காக வனஸ்பதி வாங்க வந்த ஓர் அம்மாள், "நெய்யைவிட இது விலை குறைவு, மொறுமொறுப்பும் கூடுதல், இதைக் கெடுதல் என்பதெல்லாம் நாலு பேரை வைத்துச் செய்த ஆய்வாகத்தான் இருக்கும்" என்றார். எண்ணெயைக் கெட்டிப்படுத்தி வனஸ்பதி செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று 1990-இல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டான் என்ற இருவர் செய்தது. அதிலும் 59 பேர்தான். அங்கும் ஒவ்வோர் உணவுமுறைக்கும் மூன்று வாரம்தான். ஆயினும் அது நிலைத்தது. ஏனென்றால் கொழுப்பின் வகை மட்டும் வேறுபட்ட மூன்று உணவுமுறைகளையும் ஒவ்வொருவரும் மாறி மாறி உண்டார்கள். அதனால் அவரவரே அவரவருக்கு ஒப்பீடு ஆனார்கள். டிரான்ஸ் கொழுப்பு உண்டபோது கெட்ட கொலஸ்டிரால் ஏறி, நல்ல கொலஸ்டிரால் இறங்கியதைப் பின்னர் வந்த வேறு ஆய்வுகளும் கண்டன. ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்தவர்களும் இதய நோயில் அதே போக்கைக் கண்டார்கள். ஆகவே ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தள்ளிவிட முடியாது; எப்படி ஒப்பிட்டார்கள், பிறர் செய்தபோதும் அதே விடை வந்ததா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாளிடம் இவ்வளவையும் கடையில் நின்று சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பை 2021-இல் 3 விழுக்காடாகவும் 2022-இல் 2 விழுக்காடாகவும் குறைத்ததைச் சொல்லி, பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பி, டிரான்ஸ் கொழுப்பு என்ற வரியையும் தயாரித்த தேதியையும் சேர்ந்து படித்தோம். அச்சடித்த விவரம் எதுவுமின்றி மொத்த டின்னிலிருந்து எடுத்துத் தரும் சில்லறை வனஸ்பதியை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பாதிக்கு வெண்ணெயும் பாதிக்குக் கடலை எண்ணெயும் சேர்த்துச் செய்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். எண்ணெய் கூடினால் பிஸ்கட் தட்டில் பரவும் என்பதால், பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தட்டில் அடுக்கச் சொன்னேன்.