சீட்டு மூடுகிறது, ஆனால்... எக்ஸ்ட்ரா ஃபியூஸ் பிளாக்கை எங்கே வைத்தீர்கள்?

கொண்டைஊசி (சென்னை):

ஃபியூஸ் பிளாக், அதாவது கூடுதல் சாமான்களுக்கான ஃபியூஸ்களை ஒரே இடத்தில் மாட்டும் பெட்டி, எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். 400 சிசி பைக். ஃபாக் லேம்ப் ஒரு ஜோடி, போன் சார்ஜர், ஏர் பம்புக்கு ஒரு சாக்கெட். ஆறு சர்க்யூட் பிளாக் ஒன்று வாங்கினேன், உள்ளங்கை அகலம். சீட்டுக்கு அடியில் டூல்கிட் கிடக்கும் பள்ளம்தான் காலி இடம். ஸ்கேல் வைத்து அளந்தேன், வைத்தேன், சீட்டு க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

ஆம்பூர் தாண்டி, இரவு பத்து மணி. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பேக். ரோடு வேலை நடந்த இடத்தில் ஒரு பள்ளம், வண்டி தொம்மென்று விழுந்து எழுந்தது. ஃபாக் லேம்ப் போச்சு. போனில் சார்ஜ் ஏறும் அடையாளமும் போச்சு. டீக்கடை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சீட்டைக் கழற்றினால், பிளாக்கின் மூடி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சீட்டின் அடிப்பக்கம் விலா எலும்பு மாதிரி வரிவரியாக இருக்குமே, அதில் ஒரு வரி சரியாக ஃபியூஸ் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எடுத்து, பால் கவரில் சுற்றி, பிளாக் மேல் வைத்துச் சீட்டைப் பூட்டினேன். நான் மட்டும் உட்கார்ந்து எழுந்தேன். கழற்றிப் பார்த்தால் மாவு 6 மி.மீ. இருக்கிறது, தாராளம். மறுபடி உருட்டி வைத்து, மனைவியையும் ஏற்றி இருவரும் ஒரு குதி குதித்தோம். மாவு அப்பளம் ஆகிவிட்டது. கவர் வழியாக ஃபியூஸின் இரண்டு முனையும் தெரிந்தன. அந்த அச்சு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நீங்களெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

உப்புக்காற்று (ராமநாதபுரம்):

சீட்டுக்கடியில் இடமே இல்லை என்று நான் முன்னால் போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், மீட்டருக்குக் கீழே, டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். ஏப்ரல் வெயிலில் ஒரு மத்தியானம் முழுக்க வண்டி நின்றது. டேப் இளகி, பிளாக் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும், நேராக்கினால் நிற்கும். பேய் பிடித்த மாதிரி. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைவிட மோசம் உப்பு. மாதம் இரண்டு தரம் தனுஷ்கோடி போய் வருகிறவன். எட்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எர்த் பக்கம் டெர்மினல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஒயரைத் தொட்டதும் முறிந்து கையோடு வந்தது. முன்பக்கம் வைக்கிறவர்கள் இந்த இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய350 (சேலம்):

மூன்றே மூன்று சாமான். அதற்கு ஒரு பிளாக், பிராக்கெட், சப்பாத்தி மாவு! ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்லைன் ஃபியூஸ் ஹோல்டர் (ஒயரின் நடுவிலேயே ஒற்றை ஃபியூஸ் மாட்டும் கூடு) போட்டு நேராக பேட்டரியில் கொடுத்தால் முடிந்தது. இடத்தைத் தேடவே வேண்டாம். நான் பதினொரு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஒரே ஒரு தடவை கொல்லிமலையில் மாட்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 70 வளைவில் பாதிகூட ஏறவில்லை, வண்டி மொத்தமாக ஆஃப். பேட்டரி டெர்மினலில் ஐந்து லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடுக்கியிருந்தேன், போல்ட்டுக்குப் பிடிக்கப் புரியே மிச்சமில்லை, அதிர்வில் நட்டு கழன்று விழுந்துவிட்டது. அது என் தப்பு, ஹோல்டரின் தப்பு இல்லை. நீளமான போல்ட் போட்டேன், சரியாகிவிட்டது.

சாண்_ஒயர் (கோவை):

பழைய350 அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கொல்லிமலைக் கதைதான் ஃபியூஸ் பிளாக் வேண்டும் என்பதற்குச் சாட்சி. ஐந்து லக் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் நட்டு கழன்றிருக்காது. இன்னொன்று, நேராக பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும். சார்ஜரின் சின்ன நீல லைட்டே போதும், இரண்டு வாரம் நிறுத்தி வைத்த வண்டி கிளம்பாது.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு முறை ஒயர் உருகியது, அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, லைட்டை இல்லை. இது தெரியாமல் 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸை மெல்லிய ஒயரில் போட்டவன் நான். பேட்டரியிலிருந்து பிளாக்குக்குப் போகும் தாய் ஒயர் 4 சதுர மி.மீ. போடுங்கள், 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் போடுங்கள். அது பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். மெயின் ஃபியூஸைத் தள்ளி வைத்தால், அதற்கு முன்னால் உள்ள ஒயர் சேஸில் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஆளே இல்லை.

அப்புறம் ரிலே, சாவி போட்டால் மட்டும் பிளாக்குக்குக் கரண்ட் விடும் சுவிட்ச். அதன் பின் நம்பர்களில் 30-இல் பேட்டரி, 87-இல் பிளாக், 85-இல் எர்த், 86-இல் டெயில் லைட் ஒயரிலிருந்து ஒரு சின்னக் கிளை. ரிலே காயிலுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம், அதனால் கம்பெனி ஒயரிங்குக்குச் சுமை இல்லை. இன்னொன்று, கூட்டிப் பாருங்கள். 55 வாட் ஆலசன் இரண்டு போட்டால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். எல்.இ.டி. என்றால் அதில் பாதிகூட ஆகாமல் முடிக்கலாம். பிளாக்கில் ஆறு இடம் இருக்கிறது என்பதற்காக வண்டியில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஆறுக்கும் கொடுத்துவிடாது. ஏர் பம்பை இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள். லக்கை பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் டூல் வாங்குங்கள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட மறக்காதீர்கள், எர்த் ஒயரை சேஸில் எங்கேயோ முறுக்காமல் பேட்டரி நெகடிவ் வரை இழுங்கள்.

பழைய350:

தம்பி, கேட்டது "எங்கே வைத்தீர்கள்" என்று. இவ்வளவு எழுதினீர்கள், உங்கள் பிளாக் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லையே?

சாண்_ஒயர்:

பேட்டரி மேல், ரப்பர் ஷீட் போட்டு. என் வண்டியில் அங்கே இடம் உண்டு.

பனிப்பாதை (ரொறன்ரோ):

நான் ஈழத்தமிழன், இங்கே பெரிய டூரிங் வண்டி வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் ஹீற்றட் ஜக்கெற் இல்லாமல் ஒக்டோபரில் ஓட ஏலாது. அது மட்டும் 7 அம்பியர் இழுக்கும், அதனால்தான் பிளாக்.

நான் இடம் நல்லாகத்தான் பார்த்தேன். இடது பக்க சைட் பனலுக்குள்ளே, தண்ணீர் படாது, சீற் அமத்தாது, கொண்டைஊசி அண்ணா சொன்ன மா உருண்டையெல்லாம் தேவையில்லை. பூட்டிவிட்டு என் கைவேலையை நானே படம் எடுத்து வைத்தேன். பிறகு ஒரு விடியப்பறம் 401 நெடுஞ்சாலையில், கிங்ஸ்ரன் தாண்டி, 3 பாகை. முதலில் முதுகு குளிர்ந்தது, பிறகு கை. ஜக்கெற் செத்துப்போச்சு. சிவப்பு நிற 10 அம்பியர் ஃபியூஸ் ஒன்று மாற்ற வேண்டும், கையில் அதுவும் இருக்கிறது. ஆனால் பனலைக் கழற்ற முதலில் சாடில்பாக்கைக் கழற்ற வேண்டும், அதற்கு முதல் அதற்குள்ளே இருக்கிற உடுப்பையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். கையுறையோடு போல்ற் பிடிக்க முடியவில்லை, கையுறை இல்லாமல் விரலில் உணர்ச்சி இல்லை. ஒரு போல்ற் விழுந்து புல்லுக்குள்ளே உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லொறிகள் பக்கத்தால் போகிற காற்றில் என் சேட் ஒன்று பறந்து வேலியில் தொங்கியது. ஒரு சின்ன ஃபியூஸுக்கு நாற்பது நிமிசம்.

உப்புக்காற்று:

வேலியில் தொங்கிய சட்டையை எடுத்தீர்களா?

பனிப்பாதை:

இல்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கொண்டைஊசி:

எல்லோருக்கும் நன்றி. பனிப்பாதை சொன்னதைப் படித்த பிறகு சைடு பேனல் யோசனையைக் கைவிட்டேன், அதற்குள் பாதி வேலை முடித்திருந்தேன். சாண்_ஒயர், ரிலே ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் மெயின் ஃபியூஸ் இரண்டு சாண் தள்ளி இருந்தது. மாற்றிவிட்டேன்.

நேற்று இடம் கிடைத்துவிட்டது. பின்சீட்டுக்குக் கீழே, வண்டி வாங்கும்போது கொடுத்த முதலுதவி டப்பா இருந்த இடம். பள்ளம் போதாது என்றுதான் முன்பு ஒதுக்கியிருந்தேன். 2 மி.மீ. அலுமினியத் தகட்டை இசட் மாதிரி மடித்து, பிளாக்கை நிமிர்த்தாமல் சாய்த்து மாட்டினேன். படுக்க வைத்தால் இடிக்கிறது, சாய்த்தால் சீட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொள்கிறது. சாவி போட்டுச் சீட்டைத் தூக்கினால் கைக்கு நேராக இருக்கிறது.

மாவு வைத்தேன். இந்த முறை இருவரும் பேக்கோடு உட்கார்ந்து, தெருமுனை வேகத்தடையில் இரண்டு தரம் ஏறி இறங்கினோம். 9 மி.மீ. மிச்சம். மாவு ராத்திரி சப்பாத்திக்கு ஆகாது என்று வீட்டில் திட்டு.

பழைய350:

எல்லாம் சரி. முதலுதவி டப்பாவும் டூல்கிட்டும் இப்போது எங்கே இருக்கின்றன?

கொண்டைஊசி:

டூல்கிட் பழைய பள்ளத்துக்கே போய்விட்டது. டப்பா ஷோகேஸில் இருக்கிறது. இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.