மரத்தூள் கலந்த வரிசையில் மட்டும் இலை வெளிறுகிறது: மூடாக்கு காரணமா?

கேள்வி – கன்றுவரிசை
5×5 மீட்டர் இடைவெளியில் நட்ட இரண்டு வயதுக் கன்றுகள். ஒரு வரிசையில் மரத்தூளை மண்ணோடு கொத்திக் கலந்தோம். அடுத்த வரிசையில் மரச்சில்லை மண்மேல் மூடாக்காகப் பரப்பியதோடு சரி. முதல் வரிசை மட்டும் மஞ்சளாகிறது. இரண்டுமே மரம்தானே? ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு சில்லு வேண்டும்?

பதில் – மட்கு
மஞ்சள் அடி இலையில் தொடங்கியதா, கொழுந்திலா என்று முதலில் பாருங்கள். அடி இலை என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் (கார்பன்) சில நூறு பங்கு இருக்கும். 25–30 பங்கைத் தாண்டினாலே நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கலந்துவிட்டால் இந்த இழுபறி வேர் மண்டலம் முழுக்க நடக்கும். மேலே பரப்பினால் மண் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும்.

கலந்ததைத் தோண்டி எடுக்க வேண்டாம், வேர்தான் அறுபடும். கன்றுக்கு 50 கிராம் யூரியாவை இரண்டாகப் பிரித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், தண்டிலிருந்து தள்ளி வட்டமாகத் தூவி நீர் விடுங்கள். யூரியா வேண்டாமென்றால் நன்கு மட்கிய எரு; பலன் மெதுவாகத் தெரியும்.

கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கதை வேறு. இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். யூரியா அதற்கு மருந்தல்ல.

பதில் – வேர்க்கழுத்து
அளவு: கன்றைச் சுற்றி 1 மீட்டர் ஆர வட்டம் 3.14 சதுர மீட்டர். 10 செ.மீ. கனத்துக்குக் கன்றுக்கு 0.31 கன மீட்டர். ஹெக்டேருக்கு 400 கன்று, ஆக சுமார் 125 கன மீட்டர். சில்லு மட்கி அமுங்கும், அதனால் கனம் பாதியானதும் மேலே போட வேண்டிவரும். மரத்தூளாக இருந்தால் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இறுகிக் காய்ந்தபின் நீரை உள்ளே விடாது.

தண்டைச் சுற்றி 10–15 செ.மீ. வெறுமையாக விடுங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈரம் ஒட்டிக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும். எலி மறைந்திருந்து பட்டையைக் கொறிக்கும். களையை வெட்டி, மண்ணை நனைத்த பிறகே பரப்ப வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் சிறு தூறல் சில்லோடு நின்றுவிடும். சொட்டுநீர்க் குழாய் மூடாக்குக்கு அடியில் போகட்டும், அடைப்பு பார்க்க முனைகளை மட்டும் வெளியே விட்டால் போதும்.

பதில் – கன்றுவரிசை
அடி இலைதான். சில்லுக் குவியல் உள்ளே புளித்த வாடை அடிக்கிறது, போடலாமா?

பதில் – மட்கு
இப்போது வேண்டாம். காற்றில்லாமல் நொதித்து அமிலம் சேர்ந்திருக்கும், இளங்கன்றைக் கருக்கும். மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, வாடை முழுக்கப் போனதும் போடுங்கள்.