நட்கிராக்கர் இசையைப் பள்ளித் தந்திக் குழுவுக்குப் பழக்குவது குறித்து

சிங்கைத்தந்தி:
வணக்கம். சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தந்திக் கருவிக் குழுவுக்கு இணைப்பாட நடவடிக்கையாகப் பயிற்சி அளிக்கிறேன். ஆண்டிறுதி நிகழ்ச்சியில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் பாலேயிலிருந்து சில பகுதிகளை நாங்கள் மேடையிலேயே வாசிக்க, பாலே மாணவியர் ஆடுவதாக ஏற்பாடு. எங்களிடம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டுமே உண்டு. தொடக்க இசை, சுகர் பிளம் தேவதை நடனம், திரெபாக் (விரைவான ரஷ்ய நடனம்), மலர்களின் வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடனம்) ஆகிய நான்கில் எவற்றைத் தேர்ந்தெடுப்பது, எதிலிருந்து தொடங்குவது?

நடுவியோலா:
தொடக்க இசையை விட்டுவிடுங்கள். மூலத்தில் அதற்குச் செல்லோவும் டபுள் பேஸும் கிடையாது. அம்மாணவர்கள் சும்மா உட்கார நேரும், அல்லது அவர்களுக்கென்று புதிதாக எழுதிச் சேர்த்து இசையைக் கனக்கச் செய்ய நேரும்.

வால்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். ஹார்ப்பின் தனி வாசிப்பை நீக்கிவிட்டு, ஹார்ன்களின் மெட்டைச் செல்லோக்களுக்குக் கொடுக்கலாம். உண்மையான சிரமம் மெட்டில் இல்லை, இரண்டாம் வயலினிலும் வியோலாவிலும் இருக்கிறது: பேஸ் முதலடியை வைத்ததும் இவர்கள் இரண்டாம், மூன்றாம் அடிகளை வாசிக்கும்போது அச்சுரங்கள் சற்றே நீண்டாலும் வால்ட்ஸ் முழுவதும் இழுபடும். வில்லின் கீழ்ப்பாதியில், மிகக் குறைந்த வில்லோடு, தந்தியிலிருந்து எடுத்தெடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இப்பிரிவுகளை மட்டும் வாசிக்கவைத்து, முதல் வயலின்காரர்களை எழுந்து வால்ட்ஸ் அடி வைத்துப் பார்க்கச் சொன்னால், கால் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம் என்பது அவர்களுக்கே புரியும்.

தேவதை நடனத்தில் செலஸ்டா என்னும், மணியோசை எழுப்பும் விசைப்பலகைக் கருவியின் பங்கை மின்விசைக் கீபோர்டு ஏற்கட்டும். பேஸ் கிளாரினெட் (தாழ்சுர ஊதுகருவி) இறங்கிவரும் மறுமொழியைச் செல்லோ வாசிக்கலாம். (1891இல் பாரிஸில் செலஸ்டாவைக் கண்டடைந்த சாய்க்கோவ்ஸ்கி, சக ரஷ்ய இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்வார்களோ என்று அஞ்சி, அதை இரகசியமாக வரவழைத்தார், இன்று அது கீபோர்டில் ஒரு பொத்தான்.)

சதங்கை:
பாலே வகுப்புகளுக்குப் பியானோ வாசிப்பவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நடன அமைப்பாளர் பெத்திப்பா வேகத்தையும் எத்தனை பார் (தாளச் சுற்று) வேண்டும் என்பதையும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க, அதற்கேற்ப எழுதப்பட்ட இசை இது. ஆகவே நடன ஆசிரியை எந்த ஒலிப்பதிவை வைத்துப் பழக்குகிறார் என்று முதலில் கேட்டு, அதன் வேகத்தை மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியில் அளந்துகொள்ளுங்கள். திரெபாக்கின் இறுதியில் இசை மேன்மேலும் விரைய வேண்டும் என்பதால், தொடக்கத்திலேயே மாணவர்கள் ஓடிவிட்டால் முடிவில் விரைவதற்கு இடமிராது. குதித்தவர் தரையிறங்கவும் நேரமிராது.

சிங்கைத்தந்தி:
இருவருக்கும் மிக்க நன்றி. வால்ட்ஸையும் திரெபாக்கையும் உறுதி செய்கிறேன். எங்கள் அரங்கில் இசைக்குழுவுக்கான பள்ளம் இல்லை. மேடையோரத்தில் அமர்ந்தால் போதுமா?

சதங்கை:
போதும். ஆனால் ஆடுபவரின் பாதங்கள் நடத்துநருக்குத் தெரிய வேண்டும். மாணவர்கள் மேடையைப் பார்க்காமல் உங்கள் கையை மட்டும் பார்த்தால் போதும்.