அம்மாவுக்கு நுரையீரல் கேன்சர்: இம்யூனோதெரபி ஊசியை உடனே போடுவதா, ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதா?

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. விடாத இருமல், டிபியாக இருக்கும் என்று சளி டெஸ்ட் எடுத்தோம், அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிடி எடுத்து, வேலூரில் ஊசி வைத்து சதை எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் அடினோகார்சினோமா, நாலாம் ஸ்டேஜ், எலும்புக்கும் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொட்டதில்லை. வீட்டுக்கு கேஸ் வரும்வரை விறகடுப்பில் சமைத்தவர், அவ்வளவுதான்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்றால், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை என்ஜிஎஸ் டெஸ்டுக்கும் (கட்டியின் பல ஜீன்களை ஒரே தடவையில் பார்ப்பதாம்) பிடி-எல்1 டெஸ்டுக்கும் அனுப்பியிருக்கிறோம், எல்லாம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அம்மா தெம்பாக இருப்பதால் அதைப் பார்த்துவிட்டு மருந்தை முடிவு செய்யலாம் என்கிறார். வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது, இம்யூனோதெரபி போட்டால் கட்டி கரைந்துவிடும், முடி கொட்டாது, வாந்தி இல்லை என்று. வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரித்தாராம், ரிப்போர்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கூட்டி வாருங்கள், ஊசியைப் போட்டுவிடலாம் என்றார்களாம். ஒரு தடவைக்கே லட்சக்கணக்கில் ஆகும். அதற்காக பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றை ஒட்டி அம்மா பேரில் இருக்கிற ஒரு காணி தென்னந்தோப்பை விற்க ஆள் பார்க்கிறார்.

காத்திருந்தால் நோய் முற்றிவிடுமா? அந்த ஊசி எல்லோருக்கும் கேட்குமா? ஆளுக்கு ஆள் தனியாக மருந்து பார்த்துக் கொடுப்பது என்கிறார்களே, அது நிஜமாகவே பலன் தருகிறதா, டெஸ்டுக்குப் பணம் பிடுங்குவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி தூக்கம் இல்லை.

லேப் பெஞ்ச்:

பேத்தாலஜி லேபில் மாலிக்யூலர் பிரிவில் வேலை செய்கிறேன். சகோதரி, உங்கள் டாக்டர் சொல்வது சரி. காத்திருங்கள். தோப்பை விற்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அவர் சொல்லும் ஊசி பெரும்பாலும் பெம்ப்ரோலிசுமாப், இல்லாவிட்டால் நிவோலுமாப். இவை கேன்சர் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நோயை எதிர்த்துப் போராடும் நம் டி செல்களில் (ஒரு வகை வெள்ளை அணு) பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, கேன்சர் செல் தன்மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை ஏற்றிக்கொண்டு அந்த பிரேக்கை அழுத்திவிடும், டி செல் பக்கத்தில் வந்தும் ஒன்றும் செய்யாமல் நிற்கும். மருந்து அந்த அழுத்தத்தை விடுவிக்கிறது. இந்த வகை பிரேக்குகளை விடுவித்துக் கேன்சருக்கு வைத்தியம் செய்யலாம் என்று காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கேட்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது, நாலாம் ஸ்டேஜிலும் வருஷக்கணக்கில் நோய் அடங்கி இருப்பவர்கள் உண்டு.

ஆனால் பிரேக் விடுபட்டால் மட்டும் போதாது, எது வேண்டாத செல் என்று டி செல்லுக்கு அடையாளம் தெரிய வேண்டும். வருஷக்கணக்கில் புகைத்தவரின் கட்டியில் மரபணுக் கோளாறுகள் குவிந்து கிடக்கும், அதனால் அடையாளம் சுலபமாகத் தெரியும். புகையே பிடிக்காதவருக்கு வரும் அடினோகார்சினோமாவில் அப்படிக் குவியல் இருக்காது. பெரும்பாலும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போல ஏதோ ஒரு ஜீனில் உள்ள மாற்றம்தான் கட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும். நம் நாட்டில் இந்த வகை நுரையீரல் கேன்சரில் நாலு பேரில் ஒருவருக்காவது ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது, புகைக்காத பெண்களில் இன்னும் அதிகம். அது இருந்தால் முதல் மருந்து, அந்த மாற்றத்தின் வேலையைத் தடுக்கும் மாத்திரை. ஊசி அந்த இடத்தில் சரியாகக் கேட்பதில்லை.

பணம் வீணாவதோடு போனாலும் பரவாயில்லை. முதலில் இம்யூனோதெரபி போட்டுவிட்டு, பிறகு ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று தெரிந்து ஆசிமெர்டினிப் மாத்திரை தொடங்கினால் சிலருக்கு நுரையீரலே கடுமையாக வீங்கிவிடுகிறது. ஊசியின் வேலை உடம்பில் மாதக்கணக்கில் நிற்கும். நியூயார்க்கில் நோயாளிகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: ஊசி முதலில், மாத்திரை பிறகு என்று போனவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதிப்பு, ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மாத்திரைக்கு மாறியவர்களில் 24 சதவீதம். மாத்திரை முதலில் எடுத்தவர்களுக்கு அந்தக் கடுமையான பாதிப்பு வரவில்லை. எந்த மருந்து என்பது போலவே எது முதலில் என்பதும் முக்கியம். ரிப்போர்ட் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன இடத்துக்குப் போகாதீர்கள்.

டெஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். ஊசியில் எடுத்த சதை நூல் மாதிரி ஒன்றிரண்டு துண்டுதான். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நகத்தளவு கட்டியாக்கி வைப்போம், அதுதான் டாக்டர் சொன்ன பிளாக். அதிலிருந்து மூன்று நாலு மைக்ரான் கனத்தில் சீவினால் நாடா போல வரும், வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு கண்ணாடிச் சில்லில் ஏந்துவோம். கேன்சர்தானா, எந்த வகை என்று பார்க்கச் சில, பிடி-எல்1 சாயம் ஏற்றச் சில, மீதியைச் சுரண்டி டிஎன்ஏ எடுக்க. ஒவ்வொரு டெஸ்டும் அந்தத் துளி சதையைத் தின்கிறது. அதனால் பதறிக்கொண்டு பிளாக்கை வாங்கி நாலு லேபுக்கு அனுப்பாதீர்கள், கடைசியில் வெறும் மெழுகுதான் மிஞ்சும், அம்மாவை மறுபடி ஊசிக்குப் படுக்க வைக்க வேண்டும். சதை போதவில்லை என்று வந்தால் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடலாம். ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் மட்டும் அதோடு விட்டுவிடக் கூடாது, சதையில் பார்த்தே ஆக வேண்டும்.

ஈஜிஎஃப்ஆரை மட்டும் பிசிஆர் என்ற சின்ன டெஸ்டில் பார்த்தால் சில நாளில் சொல்லிவிடலாம், அதை முன்னால் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இடையில் மூச்சுத்திணறல், கடுமையான முதுகுவலி, கால் மரத்துப்போவது என்று ஏதாவது வந்தால் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

ஆம்பூர்க்காரன்:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு வாய் கேன்சர், ஆபரேஷன் ஆகி மறுபடி கழுத்தில் வந்துவிட்டது. தோல் ஷாப்பில் வேலை, வாயில் ஹான்ஸ் புகையிலை வைக்கிற பழக்கம் இருந்தது. அவருக்கு நிவோலுமாப் போகிறது. ஆனால் முழு டோஸ் இல்லை, 20 மில்லிகிராம்தான், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். முழு டோஸ் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240. எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இது நம் நாட்டு ஆராய்ச்சி, மும்பை டாடா மெமோரியலில் செய்தது. குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்து கேன்சர்க்காரர்கள் 151 பேர். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 16 பேர், இந்தச் சின்ன டோஸ் ஊசியும் சேர்த்தவர்களில் 43 பேர். அப்பா இப்போது இட்லி சாப்பிடுகிறார், ரசம் சாதம் சாப்பிடுகிறார், சாயங்காலம் கடைத்தெரு வரை நடக்கிறார். எங்களுக்கு இது பெரிய விஷயம்.

உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், வீடியோவில் காட்டுகிற விலையைப் பார்த்துச் சொத்தை விற்பதற்கு முன்னால் டாக்டரிடம் என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று.

லேப் பெஞ்ச்:

அப்பா நன்றாக இருக்கட்டும் தம்பி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த 43 சதவீதம் தலை, கழுத்து கேன்சருக்கு. நுரையீரலுக்கு அதே கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாலாஜா ரோடு:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பெரியப்பா பையனுக்கு லிம்போமா, அதாவது நெறிகட்டிகளில் வரும் கேன்சர், கீமோ முடிந்து திரும்ப வந்துவிட்டது. கார்-டி என்கிறார்களே, அதுவும் இம்யூனோதெரபிதானா? டீச்சர் அம்மாவுக்கு அது ஆகாதா?

லேப் பெஞ்ச்:

அதுவும் அதே குடும்பம்தான், ஆனால் வேறு வேலை. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, பி செல்லின் (இன்னொரு வகை வெள்ளை அணு, இந்த லிம்போமா அதில்தான் வருகிறது) மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைப் பிடிக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இங்கே அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் கோடிகளில் ஆவது இங்கே சில பத்து லட்சங்களில் முடிகிறது, அதுவும் சின்னத் தொகை இல்லைதான். பி செல் லிம்போமா, லுகேமியாவில் மற்ற மருந்துகள் கேட்காமல் போனவர்களுக்கு. உங்கள் தம்பிக்கு எந்த வகை லிம்போமா என்று பார்த்து ஹெமட்டாலஜியில், அதாவது ரத்த நோய்ப் பிரிவில் கேளுங்கள். நுரையீரல் கட்டிக்கு இது இல்லை.

டே கேர் நர்ஸ்:

கீமோ டே கேரில் வேலை பார்க்கிறேன். முடி கொட்டாது, வாந்தி இல்லை என்று வீடியோவில் சொல்வது பாதிதான். இம்யூனோதெரபியில் பிரேக் விடுபட்ட டி செல் நம் உறுப்பையே தாக்கலாம். தைராய்டு படுத்துவிடும், குடல் புண்ணாகி ஒரு நாளைக்கு ஆறேழு தடவை பேதி போகும், கல்லீரல், நுரையீரல், தோல் எதிலும் வரலாம், ஊசியை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். பேதி என்றதும் பக்கத்து மெடிக்கலில் நிறுத்துகிற மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து வருகிறார்கள். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எந்த டாக்டரிடமும் இந்த ஊசி போட்டிருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, முள் சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு எல்லாம் சொந்தக்காரர்கள் பாட்டிலில் கொண்டு வருவார்கள். அன்போடுதான் கொடுக்கிறார்கள், தெரியும். ஆனால் கல்லீரல் டெஸ்டில் ஏறிவிட்டால் மருந்தாலா கஷாயத்தாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வருகிறது. டாக்டரிடம் சொல்லாமல் எதுவும் வேண்டாம் சகோதரி.

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் கோடி நன்றி. ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈஜிஎஃப்ஆரில் எக்ஸான் 19 டெலிஷன் என்று போட்டிருக்கிறது. ஆனால் பிடி-எல்1 70 சதவீதம். மாமா இதைப் பிடித்துக்கொண்டார். 50க்கு மேல் இருந்தால் இம்யூனோதெரபி நன்றாகக் கேட்கும் என்று எங்கோ படித்திருக்கிறார், 70 இருக்கும்போது எதற்கு மாத்திரை என்கிறார். டாக்டரை நாளைதான் பார்க்க முடியும்.

லேப் பெஞ்ச்:

மாமா படித்தது தப்பில்லை. 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் போதும் என்பது ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் இல்லாதவர்களுக்கு. 2016இல் வந்த அந்தப் பெரிய ஆய்விலேயே இந்த மாற்றம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை.

இதே கேள்வியை அமெரிக்காவில் நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றமும் உண்டு, பிடி-எல்1ம் உண்டு, மாத்திரை இன்னும் தொடங்கவில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பெம்ப்ரோலிசுமாப். 25 பேரைச் சேர்க்கத் திட்டம், 11 பேரோடு நிறுத்திவிட்டார்கள், பலன் இல்லை என்று. அதில் ஒரே ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, அவருடைய சாம்பிளைத் திரும்பச் சோதித்தால் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பதாகச் சொன்ன முதல் ரிப்போர்ட்டே தவறு. 2018இல் வெளிவந்தது. மாமாவிடம் இதை மட்டும் சொன்னால் போதும்.

எக்ஸான் 19 டெலிஷன் என்றால் அந்த ஜீனில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம், அது மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற வகை. நாளை டாக்டரிடம் பேச இரண்டு வழி மனதில் இருக்கட்டும். ஆசிமெர்டினிப், பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஆய்வில் நோய் வளராமல் இருந்த காலம் நடுமட்டமாக 18.9 மாதம், பழையவற்றில் 10.2. விலை கூடுதல், 2024 பட்ஜெட்டில் இதற்கு இறக்குமதிச் சுங்க வரியை நீக்கினார்கள், கம்பெனியின் உதவித் திட்டம் பற்றியும் சமூக சேவகரிடம் கேளுங்கள். அது கட்டாது என்றால் ஜெஃபிடினிப், மாதம் சில ஆயிரத்தில் கிடைக்கும். அதோடு பெமிட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோ சேர்த்துக் கொடுத்து டாடா மெமோரியலில் பார்த்ததில் நோய் வளராமல் இருந்த காலம் ஜெஃபிடினிப் மட்டும் என்றால் 8 மாதம், சேர்த்தால் 16 மாதம். கீமோவின் கஷ்டம் உண்டு, ஆனால் தோப்பை விற்காமல் செய்யக்கூடியது. அம்மாவின் உடம்பு எதைத் தாங்கும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்களா? இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள், ஈஜிஎஃப்ஆர் கேன்சர் தலைக்குப் போகிற வழக்கம் உண்டு, ஆசிமெர்டினிப் அங்கேயும் போய் வேலை செய்கிறது, அதனால் எந்த மாத்திரை என்ற முடிவே மாறலாம்.

குடியாத்தம் டீச்சர்:

எம்ஆர்ஐ இன்னும் எடுக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம், கேட்டுவிட்டு எழுதுகிறேன். மாமாவும் கூட வருகிறார்.