வைக்கோல் எரிப்பதை நிறுத்த, வயலில் செய்து காட்டினால் போதுமா? (திருகோணமலை)

வட்டைக்காரன் (தம்பலகாமம்):
கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகம் செய்கிறவர்கள் நாங்கள். வெட்டு மெசின் வயலை விட்டு ஏறின கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவதைக் காற்றும் மழையும் கொண்டுபோகும். அப்புறம் அதே சத்தைப் பசளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். எரிக்காமல் மண்ணோடு உழுகிற கமக்காரர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு கண்டத்துக்கும், அதாவது வயல்தொகுதிக்கும், ஒரு வயலைத் தேர்ந்து, எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டுவோம் என்கிறேன். நல்ல பழக்கம் அப்படித்தான் பரவும்.

மூதூர்க் கமக்காரன்:
அண்ணை, காட்டுவதற்கு ஆள் இல்லாமலா நாங்கள் எரிக்கிறோம்? பெரும்போகம் வெட்டி முடிந்தால் சிறுபோக விதைப்புக்குச் சில கிழமைதான் இருக்கும். பச்சை வைக்கோலை உழுதுவிட்டு உடனே விதைத்தால் பயிர் மஞ்சளடிக்கும். அந்த நட்டத்தை யார் தருவார்கள்? இன்னொன்று, நான் செய்வது குத்தகை வயல். அடுத்த போகம் அது என் கையில் இருக்குமோ தெரியாது. மண்ணை வளப்படுத்தி யாருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தி, சேதனப் பசளையில் செய்யுங்கள் என்றார்கள். அதுவும் நல்ல பழக்கம் என்றுதான் வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், விளைச்சலில் விழுந்த அடியை நாங்கள்தான் தாங்கினோம்.

வட்டைக்காரன்:
2021இல் நடந்தது பகிர்வு இல்லை தம்பி, கட்டளை. ஒரு போகம் சிறிய துண்டில் செய்து பார்க்கக்கூட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது.

பழைய விவசாயப் போதனாசிரியர்:
மூதூர்த் தம்பி சொல்லும் மஞ்சளடிப்பு உண்மை. மண்ணில் வைக்கோலை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், பயிருக்குப் போகவேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் உக்காத வைக்கோல் வேரையும் கெடுக்கும். உழுதபின் இரண்டு மூன்று கிழமையாவது விடவேண்டும். ஆகவே எல்லாப் போகத்துக்கும் ஒரே யோசனை சரிவராது. சிறுபோகத்தை ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டினால் பெரும்போக விதைப்புக்கு முன் போதிய காலம் இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். பெரும்போகத்துக்குப் பின் வைக்கோலை வரம்போரம் குவித்து, சாணியும் சீமைக்கிளுவை இலையும் சேர்த்துக் கூட்டெரு போடலாம். ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மானாவாரி வயல்களுக்கு இந்தப் பேச்சே வேறு. வெட்டினபின் அங்கே மாடுகள் இறங்கும், வைக்கோல் அவற்றின் தீன்.

செய்து காட்டும் வயல்களில் நான் கண்ட பெரிய குறை ஒன்று உண்டு. விளைச்சலைச் சொல்வோம், கூலியைச் சொல்லமாட்டோம். வைக்கோலை வயல் முழுக்கப் பரப்ப எத்தனை பேர் வேண்டும், மேலதிக உழவுக்கு எவ்வளவு டீசல் போனது என்று வயல்காரரே வாயால் சொல்லவேண்டும். சரிவராத மூலையையும் மறைக்காமல் காட்டவேண்டும். அப்போதுதான் மற்றவர் நம்புவார்.

வெங்காயப்பாத்தி (நிலாவெளி):
எங்களுடையது மணல் நிலம், கிணற்றுத் தண்ணீர், சின்ன வெங்காயம். அளவுக்கு மேல் போடுகிற யூரியா இறைக்க இறைக்க நிலத்தடி நீருக்குத்தான் இறங்குகிறது. அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நான் மட்டும் குறைத்து என்ன பயன்? பக்கத்துத் தோட்டமும் குறைக்கவேண்டும். அதனால் பேசத்தான் வேண்டும் என்கிற பக்கம் நான்.

மூதூர்க் கமக்காரன்:
அக்கா சொல்வது விளங்குகிறது. கிணற்றுக்கு வரம்பு இல்லை. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சிக்கும் இல்லை. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதும் என்று விவசாயத் திணைக்களம் சொன்னாலும், களைக்குப் பயந்து கூட விதைக்கிறோம், யூரியாவையும் கூட எறிகிறோம். அடர்ந்த பயிரில் அந்தப் பூச்சி பெருகி வட்டை (வயல்வெளி) முழுக்கப் போகிறது. ஆனால் வைக்கோலில் நான் இறங்கிவரமாட்டேன். விதைப்புத் திகதியைப் போகத்துக்கு முந்தின கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள், தண்ணீர் வாய்க்காலின் கடைசிக்கு வரும்போது நாங்கள் ஏற்கெனவே பிந்திவிடுகிறோம். அந்தத் திகதியையும் குத்தகையையும் தொடாமல் வயலைக் காட்டினால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். சொந்த வயல்காரர் செய்வார், குத்தகைக்காரன் நெருப்புப்பெட்டியைத்தான் எடுப்பான்.

வட்டைக்காரன்:
குத்தகை விசயத்தில் என்னிடம் பதில் இல்லை, அதைக் கமக்காரர் அமைப்புக்குள்தான் பேசவேண்டும். மூன்று போகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சில வயல்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். திகதி வேறு விசயம். பெரும்போகக் கூட்டத்துக்கு, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையும் வருவார், கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரும் வருவார். வைக்கோல் உழுகிற கண்டத்துக்கு முதல் தண்ணீரை முன்கூட்டித் திறக்கவேண்டும் என்று நான் எழுந்து கேட்கிறேன். நீங்களும் உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் கேளுங்கள்.

மூதூர்க் கமக்காரன்:
கேட்கிறேன். தண்ணீர் முந்தி வந்தால் அரை ஏக்கரில் உழுது பார்ப்பேன், முழு வயலிலும் இல்லை.