வளர்க்கும் கையும் தடுக்கும் கையும் ஒன்றாக இருக்கலாமா? – அயல்நாட்டு வணிகக் கொள்கை குறித்த விவாதம்

காவிரிக்கரை:
சென்ற வாரம் வேறோர் இழையில் நண்பர் பழையகோப்பு, ஏற்றுமதியாளர்களுக்கு அரசு செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டது, பயன்படுத்திக்கொள்ளத்தான் நமக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அரிசி ஏற்றுமதியில் இருக்கும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

2023 மார்ச் 31 அன்று புதிய அயல்நாட்டு வணிகக் கொள்கை வெளியானது. 2030-க்குள் ஏற்றுமதியை 2 லட்சம் கோடி டாலருக்குக் கொண்டுசெல்வது அதன் இலக்கு. நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு முழுத் தடை வந்தது. கொள்கையை வெளியிட்டதும் தடை அறிவிக்கையில் கையெழுத்திட்டதும் ஒரே அலுவலகம், டெல்லியிலுள்ள டிஜிஎஃப்டி எனப்படும் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம். உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அப்படிப்பட்ட நாடு ஒரே இரவில் கதவைச் சாத்தினால், வாங்குபவன் அடுத்த முறை தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோதான் முதலில் பேசுவான்.

இந்த அலுவலகம் எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகிறதோ அந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘வளர்ச்சி’, ‘ஒழுங்குமுறை’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. நெருக்கடி வரும்போதெல்லாம் முதற்சொல் தோற்று இரண்டாம் சொல்லே வெல்கிறது. ஏற்றுமதியை வளர்க்கும் பொறுப்பு, தடைசெய்யும் அதிகாரம் இல்லாத தனி அமைப்பு ஒன்றிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜப்பானில் 1958 முதல் ஜெட்ரோவும் கொரியாவில் 1962 முதல் கோட்ராவும் அப்படித்தான் இயங்கிவருகின்றன.

பழையகோப்பு:
ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தவறான ஆளை. அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஏற்றுமதியைத் தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கே தரப்பட்டுள்ளது. 6-ஆம் பிரிவின்படி தலைமை இயக்குநர் கொள்கை வகுப்பதில் அரசுக்கு ஆலோசனை சொல்லலாம், வகுத்த கொள்கையை நிறைவேற்ற வேண்டும், அவ்வளவுதான். அரிசியைத் தடைசெய்யும் முடிவு உணவுத் துறையும் அமைச்சர்களும் உட்கார்ந்து எடுப்பது. அது அறிவிக்கையாக உருப்பெறும் இடம் மட்டுமே டிஜிஎஃப்டி. ஒரு மாதம் கழித்துப் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை வந்ததே, அதை விதித்தது நிதி அமைச்சகம். அதிகாரம் ஏற்கெனவே பல கைகளில் பிரிந்துதான் கிடக்கிறது.

அந்த ஜூலையில் அரசு சொன்ன காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. அரிசியின் சில்லறை விலை ஓராண்டில் 11.5 விழுக்காடும், கடைசி ஒரு மாதத்தில் மட்டும் 3 விழுக்காடும் உயர்ந்திருந்தது. உணவுப் பற்றாக்குறையைத் தவிர்க்கத் தற்காலிகமாக ஏற்றுமதியைத் தடுப்பதை காட் என்னும் உலக வணிக ஒப்பந்தத்தின் 11-ஆம் விதியே அனுமதிக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கும் அரசுத் தரப்பில் இருந்த நாங்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நூல்கண்டு:
கோவை நூற்பாலைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் காவிரிக்கரையின் பக்கம் நிற்கிறேன். ரேஷன் கடை வாதம் அரிசிக்குப் பொருந்தலாம். நூலை யாரும் உண்பதில்லையே! 2010 ஏப்ரலில் பருத்தி நூல் ஏற்றுமதிக்குப் பதிவு கட்டாயமானது. ஆண்டிறுதியில் 72 கோடி கிலோ என்று உச்சவரம்பே வந்துவிட்டது. நூற்புக் கதிர்களைப் பெருக்குங்கள் என்று தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் வட்டி மானியம் கொடுத்ததும் அரசுதான், பெருக்கிய பிறகு விற்காதே என்றதும் அரசுதான். வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

2012 மார்ச் 5 அன்று பஞ்சு ஏற்றுமதியை முழுவதுமாகத் தடைசெய்தார்கள். தம்மைக் கேட்கவே இல்லை என்று அப்போதைய வேளாண் அமைச்சர் சரத் பவார் வெளிப்படையாகவே சொன்னார். ஒரே வாரத்தில் தடை விலகியது. அமைச்சரவையில் இருப்பவருக்கே தெரியாமல் ஒரு தடை பிறக்க முடியுமென்றால், ஆலோசனை என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் இருந்திருக்க முடியும்?

பின்னலூர்:
நண்பர் நூல்கண்டு பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். அதே 2010-இல் திருப்பூரில் நாங்கள் நூல் விலையைக் கட்டுப்படுத்துங்கள், ஏற்றுமதிக்கு வரம்பு வையுங்கள் என்று கடையடைத்துப் போராடினோம். ஆறு மாதத்துக்கு முன் பேசிய விலையில் சட்டையைத் தைத்துக்கொடுக்க ஒப்புக்கொண்டவனுக்கு, நூல் விலை மாதந்தோறும் ஏறினால் என்ன மிஞ்சும்? உங்களுக்குத் தடையாகத் தெரிந்தது எங்களுக்கு ஏற்றுமதி ஊக்குவிப்பாக இருந்தது. நூலாகப் போகும் ஒரு கிலோவைவிட, பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து ஆடையாகப் போகும் ஒரு கிலோ எத்தனையோ மடங்கு கைகளுக்கு வேலை தருகிறது.

ஆகவே காவிரிக்கரை கேட்கும் அந்தத் தனி அமைப்பு யாருக்காகப் பேசும்? நூல் விற்பவரும் ஏற்றுமதியாளர், ஆடை விற்பவரும் ஏற்றுமதியாளர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, பஞ்சு இறக்குமதிக்கான 11 விழுக்காடு வரியை அரசு தற்காலிகமாக நீக்கியது. ஆலைகளும் நாங்களும் வரவேற்றோம். பருத்தி விவசாயிகள் வயிறெரிந்தார்கள். இந்த மோதல்களில் யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டும். தீர்ப்புச் சொல்பவரிடமிருந்து வளர்ச்சிப் பொறுப்பைப் பிடுங்கிவிட்டால், அவர் இன்னும் எளிதாகத் தடை விதிப்பார் என்பதுதான் என் அச்சம்.

ஊக்குவிப்பு அமைப்புகளையும் புனிதமாக்க வேண்டாம். ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் 1978-இல் தொடங்கியது. 2004 முடியும்வரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பக்கூடிய அளவை, அதாவது கோட்டாவை, பங்கிட்டுத் தந்ததே அதன் முக்கிய வேலையாக இருந்தது. கோட்டா கையில் வைத்திருந்தவருக்கு அதுவே ஒரு சொத்து. புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு அது ஒரு சுவர். 2005 ஜனவரி 1-இல் கோட்டா ஒழிந்த பிறகுதான் சிறிய பின்னலாடைத் தொழில்காரர்கள் பலருக்கு மூச்சு வந்தது.

கொழும்புவாசி:
எங்கள் நாட்டு அனுபவத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். காவிரிக்கரை கேட்கும் பிரிவினை இலங்கையில் நெடுங்காலமாகவே இருக்கிறது. கட்டுப்பாடு, 1969-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் உள்ளது. வளர்ச்சி, 1979-இல் அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடம் உள்ளது. இரண்டும் வெவ்வேறு கட்டடம், வெவ்வேறு சட்டம்.

ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது இந்தப் பிரிவினை எங்களைக் காப்பாற்றவில்லை. தேயிலை எங்கள் முதன்மை ஏற்றுமதிப் பயிர்களுள் ஒன்று. தோட்டங்கள் உரமின்றித் தவித்தன. தேயிலைத் துறையினர் முறையிட்டார்கள், விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை முழுமையாக நீங்கியது. வளர்ச்சிக்கான சபை தனியே இருப்பதால் மட்டும் அதன் சொல் மேலிடத்தில் ஏறிவிடாது. தடை விதிப்பவர் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். எங்கள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

காவிரிக்கரை:
பின்னலூரும் கொழும்புவாசியும் சொன்னவை என்னை யோசிக்க வைத்தன. அமைப்பைப் பிரிப்பதே தீர்வு என்று நான் எழுதியது அவசரக் கருத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பழையகோப்பு ஐயாவிடம் இரண்டு கேள்விகள் உண்டு.

முதலாவது, ரேஷன் கடை பற்றியது. ஜூலை 1-ஆம் தேதி அரசுக் கிடங்கில் இருக்க வேண்டிய அரிசி 135.4 லட்சம் டன் என்று அரசே விதி வைத்திருக்கிறது; 2023-இல் இருப்பு அதைவிட மிக அதிகமாகவே இருந்தது. அதை வெளிச்சந்தையில் இறக்கி விலையைத் தணிப்பது முதல் வழியாக இருந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது, தடைக்குப் பிறகு நடந்தது. நட்பு நாடுகளின் உணவுத் தேவைக்கென்று ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன், பூட்டானுக்கு 79,000 டன், மொரிஷியஸுக்கு 14,000 டன் அனுமதித்தார்கள். ஆனால் அந்தச் சரக்கை அனுப்பும் வாய்ப்பு, அந்த ஆண்டுதான் தொடங்கிய தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்துக்கு மட்டுமே தரப்பட்டது. சிங்கப்பூர்க் கடைகளில் பொன்னியைக் கொண்டுசேர்த்தவர்கள் தமிழ்நாட்டு வணிகர்கள். ஒரு தலைமுறை உழைப்பில் வந்த உறவு அது. சரக்கு போகலாம், நீ மட்டும் அனுப்பக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆகாது.

துறைமுகத்தெரு:
நான் தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர். அண்ணன்மார் எல்லாரும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்றே வாதாடுகிறீர்கள். எங்கள் மேசையில் வலிப்பது வேறு இடம். தடைக்கும் சரக்குக்கும் நடுவிலுள்ள சில நாட்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அயல்நாட்டு வணிகக் கொள்கையின் 1.05-ஆம் பத்தி என்ன சொல்கிறது? தடைக்கு முன்பே மாற்றவியலாத எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்கப்பட்டிருந்தால், அதைத் தடை வந்த பதினைந்து நாளுக்குள் டிஜிஎஃப்டி வட்டார அலுவலகத்தில் பதிவுசெய்து சரக்கை அனுப்பிக்கொள்ளலாம். நல்ல விதிதான். ஆனால் ‘வேறுவிதமாகக் குறிப்பிட்டாலொழிய’ என்ற ஒரு வாலும் அதற்கு உண்டு. 2022 மே 13-இல் கோதுமையைத் தடைசெய்தபோது எல்.சி. வைத்திருந்தவர்களுக்கு வழிவிட்டார்கள். 2023-இல் பச்சரிசித் தடையில் அந்த இடைக்கால ஏற்பாடு பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு, கஸ்டம்ஸிடம் ஒப்படைத்த சரக்கு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஆலையிலிருந்து லாரியில் ஏறி, மதுரை தாண்டி வந்துகொண்டிருக்கும் அரிசி இதில் எந்தக் கணக்கிலும் வராது. ஒப்பந்தம் முறிந்தால் வாங்குபவர் நட்டஈடு கேட்பார். அரிசியை உள்ளூர்ச் சந்தையில் இறங்கிய விலைக்கு விற்க வேண்டும். அயல்நாட்டு அளவில் அச்சடித்த பைகள் வீண். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கு நாற்பது கன்டெய்னர் அனுப்புகிறவர் தாங்கமாட்டார்.

பழையகோப்பு:
அம்மா, நீங்கள் தொட்டிருப்பது சரியான இடம். கோதுமைக்கு இருந்த வழி அரிசிக்கு ஏன் மூடப்பட்டது என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். 2022-இல் அந்த விலக்கைப் பயன்படுத்தச் சிலர் முன்தேதியிட்ட எல்.சி.க்களைக் கொண்டுவந்தார்கள். மே இறுதியில் ஆவணங்களை நேரடியாகச் சரிபார்க்கும்படி வட்டார அலுவலகங்களுக்கு உத்தரவு போனது. முறைகேடு செய்தவர்களை சிபிஐ விசாரணைக்கு அனுப்புவது பற்றியும் பேசப்பட்டது. சிலருடைய பொய்யால் அடுத்த ஆண்டு நேர்மையானவர்களுக்கும் கதவு மூடியது என்றே நினைக்கிறேன். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

காவிரிக்கரை ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த அளவை வழக்கமான ஏற்றுமதியாளர்களுக்கும் அவரவர் பழைய அளவின்படி பங்கிட்டிருக்கலாம். முதற் கேள்வியில் உடன்பட மாட்டேன். மழை பொய்க்கக்கூடிய எல் நினோ ஆண்டில் அடுத்த அறுவடை எப்படி வரும் என்று தெரியாதபோது கிடங்கைக் காலிசெய்யச் சொல்வது, வெளியே இருப்பவர்களுக்கு எளிது.

துறைமுகத்தெரு:
ஐயா சொன்ன காரணம் உண்மையானால், இன்று அந்தக் காரணம் மறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 24 முதல் பாசுமதி அல்லாத அரிசிக்கும் ஒப்பந்தத்தை, வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான அரசு அமைப்பான அபேடாவில் பதிவுசெய்த பிறகே ஏற்றுமதி செய்ய முடியும். பாசுமதிக்கு இந்த முறை முன்பே உண்டு. யார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் ஒப்பந்தம் போட்டார் என்பது அரசின் கணினியிலேயே இருக்கிறது. முன்தேதியிட இடமே இல்லை. எனவே, பதிவான ஒப்பந்தத்துக்கு 1.05-ஆம் பத்தியின் பாதுகாப்பை எந்தத் தடை அறிவிக்கையாலும் நீக்க முடியாது என்று கொள்கையிலேயே எழுதச் சொல்லிக் கேட்போம். பதிவுக் கட்டணமும் கட்டி, விவரமும் கொடுத்த பிறகு, அதற்கு ஈடாக ஓர் உறுதியைக் கேட்பது நம் உரிமை.

நூல்கண்டு:
யோசனை நன்று, ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறேன். 2010 அக்டோபரில் 55 லட்சம் பொதி பஞ்சுக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லிப் பதிவைத் திறந்தார்கள். சில நாட்களிலேயே அளவு தீர்ந்தது. கையில் சரக்கே இல்லாதவர்களும் வரிசையில் முந்திக்கொண்டார்கள். குறித்த தேதிக்குள் பெரும்பகுதி கப்பலேறவில்லை. பதிவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தால், விலை ஏறும்போதெல்லாம் வெறும் காகித ஒப்பந்தங்கள் அபேடாவில் வந்து குவியும்.

பின்னலூர்:
அதற்கு வழி இருக்கிறது. பதிவோடு முன்பணம் வங்கிக்கு வந்ததற்கோ எல்.சி. திறந்ததற்கோ சான்று கேட்கலாம். அனுப்பாதவரிடம் வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். அரிசியில் இது நடந்தால் நாளை நூலுக்கும் கேட்பீர்கள் என்று தெரியும். அப்போது நான் எதிர்த்து எழுதுவேன்.

காவிரிக்கரை:
எதிர்த்து எழுதுங்கள், அதையும் கேட்கத்தான் வேண்டும். 2025 ஜனவரி 2-இல் கொள்கையில் சேர்த்த 1.07ஏ, 1.07பி பத்திகளின்படி, விதி மாற்றங்களுக்கு முன் சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்பதாக அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. தானாக முடிவெடுக்கும் உரிமையையும் கையில் வைத்திருக்கிறது. அந்த வழியிலேயே மனு அனுப்பலாம். நான் எழுதிப்பார்த்த வாசகம் இது:

‘உரிய அமைப்பில் பதிவுசெய்யப்பட்டு, முன்பணம் பெறப்பட்ட அல்லது மாற்றவியலாத எல்.சி. திறக்கப்பட்ட ஒப்பந்தத்தின்கீழ் அனுப்பப்படும் சரக்குக்கு, பதிவு நாளிலிருந்து அறுபது நாள்வரை, பின்னர் வரும் தடையோ கட்டுப்பாடோ பொருந்தாது.’

பழையகோப்பு:
அறுபது நாளை எந்த உணவுத் துறைச் செயலாளரும் ஏற்கமாட்டார். முப்பது என்று எழுதுங்கள். ‘தடையோ கட்டுப்பாடோ’ என்பதோடு ‘ஏற்றுமதித் தீர்வையோ’ என்பதையும் சேர்க்க ஆசைப்படுவீர்கள், சேர்க்காதீர்கள். அது நிதி அமைச்சகத்தின் எல்லை, மனு அங்கேயும் இங்கேயுமாக ஓராண்டு அலையும். தீர்வைக்குத் தனி மனு.

துறைமுகத்தெரு:
முப்பது நாள் போதாது ஐயா. ஆலையில் தீட்டி, பையில் அடைத்து, பரிசோதனைச் சான்று வாங்கி, கப்பலில் இடம் பிடிக்கவே சிறியவர்களுக்கு முப்பத்தைந்து நாள் ஓடிவிடுகிறது. நாற்பத்தைந்து என்று எழுதுவோம். என்னிடம் இருக்கும் பழைய ஷிப்பிங் பில்களிலிருந்து (ஏற்றுமதிக்காக கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஆவணங்கள்), ஒப்பந்த நாளுக்கும் கப்பலேறிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களைக் கணக்கெடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதிவிடுகிறேன்.